பஸ்ஸுக்குள் விரிந்த குடை

நோர்வேஜிய மொழியில் பாலூட்டுவதற்கு ‘அம்மெ’ என்று பெயர். எனக்கு அது தெரியாது. மகன் பிறந்த சில நாட்களில் வீட்டுக்கு வந்த தாதி, அவனைத் தராசில் கிடத்தியபடி, “அம்மெர் டூ?” என்று கேட்டார். அம்மாவைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, “இலங்கையில் இருக்கிறார், முழங்கால் வலி” என்றேன். தாதி சற்று விழித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தோம். பெர்கனுக்குப் பக்கத்தில் மழை ஓயாத சிற்றூர் இது. நூலகத்திலும் படகிலும் கோப்பிக் கடையிலும் இங்கே பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் பேசாமல் பத்திரிகையைப் புரட்டுகிறார். முதலில் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தது நான்தான். பிறகு நானும் பழகிக்கொண்டேன்.

மகனுக்கு ஐந்து மாதமானபோது இலங்கைக்கு, புசல்லாவையில் அம்மா வீட்டுக்குப் போனேன். தங்கை சுமதிக்கு அப்போது மூன்று மாதப் பெண்குழந்தை. கண்டியில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. கணவன் ரவி கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் இருந்ததால், பிரசவத்துக்குப் பிறகு அம்மாவோடு தேயிலைத் தோட்டத்து வீட்டிலேயே தங்கியிருந்தாள். வேலைக்குத் திரும்பும் நாளைக் கடை முதலாளியிடம் பேசிவிட்டு வரலாமென்று ஒருநாள் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினோம்.

கம்பளைக்குக் கிட்ட வாகனங்கள் நெரிந்து பஸ் நின்றுவிட்டது. வெக்கையில் குழந்தை வீறிட்டது. “என்னா செய்றதுக்கா, இவ பசி தாங்க மாட்டா” என்று சொல்லிக்கொண்டே சுமதி துவாயைத் தோளில் போட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினாள். குழந்தை கையை வீசிய வேகத்தில் துவாய் நழுவியது. உடனே எதிர்ப்பக்கம் நின்ற ஒரு சிங்களப் பெண், “வஹகன்ன நங்கி, வஹகன்ன” என்றபடி தன் குடையைப் படாரென்று விரித்துச் சுமதிக்கு முன்னால் பிடித்தார். மூடிக்கொள் தங்கச்சி என்கிறார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுமதி கூசிப்போனாள். “நாம என்னா களவா செய்றோம்?” என்று என் காதில் பொருமினாள். அந்தப் பெண் பின்பக்கம் பார்த்து யாரையோ ஏசினார். பஸ்ஸில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பேராதனையில் அவர் இறங்கியபோது நாங்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ரவி அழைத்தான். யாரோ அவனுடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் பின்னால் இருந்து எடுத்தது. சுமதியின் முகம், திறந்த மார்பு, குழந்தையின் தலை. அதன்மேல் ஒரு கேவலமான பாட்டு. கீழே சிங்களத்திலும் தமிழிலும் சிரிப்புகள். ‘தோட்டத்துக்காரிக்கு வெக்கம் ஏது’ என்று எழுதியிருந்தவர் எங்கள் ஆள், தமிழர். வீடியோவின் கடைசியில் ஒரு கறுப்புக் குடை வந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. அப்போதுதான் அந்தப் பெண் எதைக் கண்டார், யாரை ஏசினார் என்பது எங்களுக்கு விளங்கியது.

பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டைக் கேட்ட அதிகாரி சுமதியை நிமிர்ந்து பார்க்காமலே, “பஸ்ஸில் திறக்காமல் இருந்திருந்தால் யார் எடுக்கப் போகிறார்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து, தோட்டத்துக் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பரா வாசலில் குந்தி எங்களுக்குப் பால் கொடுத்தவர் அவர். கங்காணி அந்தப் பக்கம் வந்தால் தொண்டையைச் செருமிவிட்டு வேறு பக்கம் போவாராம். அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. மலைக்குத் திரும்பச் சற்றுப் பிந்தினால் அதே கங்காணியின் வாயிலிருந்து வருவதைக் காதால் கேட்க முடியாது. ஆனால் பிள்ளை குடிப்பதை அவர்கூட வேடிக்கை பார்த்ததில்லை.

அந்த வாரமே ரவி வந்தான். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. பால்மாப் பெட்டியையும் போத்தலையும் மேசையில் வைத்தான். “இனி இதக் குடு. என் கூட வேல செய்றவங்க எல்லாம் பாத்துட்டானுங்க” என்றான். “எவனோ எடுத்ததுக்கு அவ என்ன பண்ணுவா, ரவி?” என்றேன். “நீங்க வெளிநாட்டுல இருக்கிறீங்க, ஒங்களுக்கு வெளங்காது” என்று முடித்துவிட்டான். சுமதி போத்தலுக்கு மாறினாள். வேலைக்குப் போகவில்லை. வாசலுக்கே வரவில்லை.

நான் சில வாரங்கள் மாமியார் வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. அங்கே இருந்தபோதுதான் அம்மாவின் அழைப்பு வந்தது: “புள்ளைய கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. வயித்தால போய் கண்ணு சொருகிருச்சு.” மழையில் ஊற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடந்த நாட்கள் அவை; மாவை அதில்தான் கரைத்திருந்தார்கள். நான் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் புறங்கையில் ஊசி ஏறியிருந்தது. அழச் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. டாக்டர் அம்மா சுமதியின் தோளில் கை வைத்து, “போத்தலை விட்டுவிடுங்கள், திரும்பத் தாய்ப்பால் கொடுத்துப் பாருங்கள்” என்றார். சுமதி ஒவ்வொரு தடவையும் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பியது. பால் வற்றிப்போயிருந்தது.

குழந்தை பிழைத்தது. வீட்டுக்கு வந்த அன்று அது பசித்து அழ, எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. சுமதியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

“கதவச் சாத்துக்கா.”

“சாத்தித்தான் இருக்கு.”

“சன்னலையும் சாத்து.”

வெயில் அடிக்கும் பகலில் இருட்டறைக்குள் தங்கையின் மகளுக்குப் பால் கொடுத்தேன். சுமதியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் நான் இருந்த நாளெல்லாம் ஒரு பக்கம் என் மகனுக்கு, மறுபக்கம் அவளுடைய மகளுக்கு. குழந்தையின் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. சுமதி சன்னலைத் திறக்கவிடவே இல்லை. நான் புறப்பட்ட அன்று குழந்தையை வாங்கிக்கொண்டு, “இத்தன நாள் குடுத்துட்டு இப்ப போறியேக்கா” என்றாள். நன்றியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இங்கே திரும்பி வந்து சில வாரங்களாகின்றன. சுமதியின் மகள் மீண்டும் போத்தலில்தான் குடிக்கிறாள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைப்பதாக அம்மா சொல்கிறார். ஆனால் என் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குச் சுரக்கிறது. மகன் ஒரு பக்கம் குடித்துத் தூங்கிவிடுகிறான். மறுபக்கம் கல்லாகக் கட்டிக் கடுக்கிறது. தாங்க முடியாதபோது சமையலறைத் தொட்டியில் குனிந்து பீய்ச்சிவிடுகிறேன். பால் வெள்ளைக் கோடாக ஓடித் துளைக்குள் இறங்குகிறது. அதன்மேல் தண்ணீரைத் திறந்துவிட மட்டும் கை வருவதில்லை.