தமிழ்ச் சாக்கும் கன்னடச் சாக்கும்

சென்ற ஆண்டு தசரா விடுமுறை சமயம் நடந்தது இது. பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் திருப்பத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, அவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள்.

எனக்குச் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியே தீர வேண்டும். சின்ன வயதில் வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னபோதெல்லாம் சாமான் தூக்கி அலைந்தவள் நான். அதனால் சினிமாவா, அப்புறம். ஓட்டலா, வீட்டிலேயே செய்கிறேன். அவருக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமானதிலிருந்து கோகர்ணம் போகலாமா, போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நமக்கென்ன வயதா ஆகிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்பேன்.

அந்தத் தசராவுக்கு எப்படியோ சம்மதித்து, பஸ் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளம்ப வேண்டிய அன்று காலையில், ஆபீஸில் விடுமுறை ஷிஃப்டுக்கு ஆள் கேட்டார்கள். இரட்டைச் சம்பளம். என் கை தானாக உயர்ந்துவிட்டது. டவுன் பேமென்ட்டுக்கு ஆகும், அடுத்த மாதம் கண்டிப்பாகப் போகலாம் என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை பதிலாக வந்தது: சாக்கு.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யாருக்காக மாடாக உழைக்கிறேன்? அதைப் போய் சாக்கு என்பதா? சாக்கு சொல்ல வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்தா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டி அனுப்பினேன். பதிலே இல்லை. வேலையில் மனசு ஒட்டவில்லை. ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பக்கத்து சீட்டில் இருக்கும் கன்னடத் தோழி என்னவென்று கேட்டு, மெசேஜை வாங்கிப் பார்த்தாள். "ஏய், இது உங்க சாக்கு இல்லப்பா, எங்க சாக்கு. போதும்னு அர்த்தம்."

அவருக்குக் கோபம் கன்னடத்தில்தான் வரும். காதில் விழுந்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும், எழுத்தில் பார்த்து ஏமாந்துவிட்டேன். இருந்த கோபம் போய் இப்போது பயம் பிடித்துக்கொண்டது. எது போதும்? பணமா? நானா? ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டில் அவசரம், ஷிஃப்டுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு மெட்ரோவைப் பிடித்து ஓடினேன்.

வீட்டில் அவர் பயணத்துக்கு அடுக்கிய பையைப் பிரித்து, சட்டைகளைத் திரும்ப பீரோவில் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"எதுங்க போதும்?" என்றேன்.

"நான் கேக்கறது போதும். இனிமே எங்கயும் போலாமான்னு கேக்க மாட்டேன். நீ நிம்மதியா சேத்துக்கோ."

சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். இப்போது அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. பீரோவில் வைத்த சட்டைகளை வாரி எடுத்து மறுபடியும் பையில் திணித்தேன். கிளம்புங்கள் என்றேன். அவர் உடனே சமாதானமாகிவிடவில்லை. தும்கூர் தாண்டும்வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோகர்ணம் போனோம், அதற்குப் பிறகு வேறு ஊர்களுக்கும் போய் வந்துவிட்டோம். ஃபிளாட் இன்னும் வாங்கவில்லை. வாடகை ஏற்றும்போதெல்லாம் தப்புச் செய்கிறோமோ என்று மனசு அலைபாய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் எங்கே போவதென்றாலும் நான்தான் கேட்கிறேன், அவர் சரி என்கிறார். வீட்டை என்றைக்காவது வாங்கிவிடலாம், 'போகலாமா' என்று அவர் ஆசையாகக் கேட்ட அந்தக் குரலை எங்கே போய் வாங்குவது என்றுதான் தெரியாமல் தவிக்கிறேன்.