பதினோராவது வீட்டுக்கு வகுபடாத எண்

கொல்லங்கோட்டில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பத்துப் பங்காளி வீடுகள். கார்த்திகைக்கு மதிலிலும் படிகளிலும் ஏற்றும் அகல்விளக்குகளை எல்லா வீடும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் ஏதாவது ஒரு வீட்டில் இழவுத் தீட்டு வந்துவிடும். பத்து ஒன்பதாகும், சில வருடம் ஏழாகும். மிச்ச விளக்குகளை யார் ஏற்றுவது என்று சண்டை வரும். அதைத் தீர்க்கத்தான் 2520 விளக்கு என்று நான் சொன்னேன். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் அதுவே மிகச் சிறியது. சண்டை நின்றது. எனக்கு அந்த எண்மேல் ஒரு பிரியமும் உண்டாயிற்று.

சென்ற வருடம் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, கணவனைப் பிரிந்து வந்து தன் பங்கு நிலத்தில் வீடு கட்டிக் குடியேறினாள். கோயில் கூட்டத்தில் எழுந்து, தன் வீட்டையும் ஒரு வீடாகச் சேர்க்கச் சொன்னாள். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டை நாங்கள் அதுவரை எண்ணியதில்லை. இப்போது இருப்பவர்களில் மூத்தவரான சித்தப்பா அதை நேராகச் சொல்லத் தயங்கி, என் எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“வந்து கும்புடு கண்ணு, ஆரு வேண்டாம்னா? பதினொண்ணுன்னா கணக்கு ஒடைஞ்சு போகும். உன்ற தம்பியவே கேளு.”

அது உண்மை. எட்டு, ஒன்பது, ஐந்து, ஏழு ஆகியவற்றைப் பெருக்கினால் 2520. பதினொன்றுக்கு அதில் இடமில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“எத்தனடா மிச்சம் வரும்?”

“ஊட்டுக்கு எரநூத்தி இருவத்தொம்போது. மிச்சம் ஒண்ணுக்கா.”

“ஒத்த வெளக்குக்கா என்னைய வெளிய நிறுத்தறீங்க?”

“மிச்சம் வராத எண்ணு இருந்தாச் சொல்லச் சொல்லு, சேத்துக்கலாம்,” என்றார் சித்தப்பா.

“இருக்குதுங்க சித்தப்பா. இருவத்தேழாயிரத்து எழுநூத்தி இருவது.”

“அடேங்கப்பா! பத்தவெச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த கார்த்திகையே வந்துரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“அந்த மிச்சத்த நீங்க ஏத்துங்க சித்தப்பா. எல்லாத்துக்கும் மூத்தவரு. உங்ககிட்ட ஆரு சண்டைக்கு வருவாங்க?”

அத்தனை பேர் முன்னால் கிடைத்த அந்த மரியாதையை வேண்டாம் என்று சொல்லச் சித்தப்பாவால் முடியவில்லை. வீடுகள் பதினொன்றாயின.

229 பகா எண் என்பது கார்த்திகை அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. எந்த வீட்டாராலும் அதைச் சம வரிசைகளாக அடுக்க முடியவில்லை, கோணல்மாணலாக வைத்தார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா மட்டும் வரிசைக்கு இருபத்து மூன்றாகப் பத்து வரிசை வைத்திருந்தாள். கடைசி வரிசையில் ஒன்று குறைந்தது. தன் ஒற்றை விளக்கோடு இடம் தேடிக்கொண்டிருந்த சித்தப்பா அங்கே வந்து நின்றார்.

“இங்க ஒரு எடம் சும்மா கெடக்குதே, வெச்சுரட்டுமா?”

“வெய்யுங்க சித்தப்பா. கையில புடிச்சுட்டே நின்னீங்கன்னா காத்துல அணைஞ்சு போகும்.”