மூன்றாம் ஓலை

அவளைப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு நோய் தேவைப்பட்டது. யோசித்து, இருமலைத் தேர்ந்தெடுத்தேன். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுவலி என்று ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்லக் கூச்சம். இருமலுக்கு அந்தச் சங்கடங்கள் இல்லை.

எழுபதுகளின் நடுவில் பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஊர் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே. அங்கே எங்களுக்கு நெல்வயலும் கொஞ்சம் கடலைக்காடும் உண்டு. அப்பாவோடு சேற்றில் இறங்கக் கூடாது என்பதற்காகவே எம்.ஏ. வரை படித்தேன். சேற்றில் இறங்கவில்லைதான். மலையேறிப் போய், பிறர் பறித்த கொழுந்தின் எடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன் நான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் பின்னால் வருவது சரியாக விளங்காது.

அவள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அப்பா அதே எஸ்டேட்டில் கங்காணி, கொழுந்து பறிப்பவர்களிடம் வேலை வாங்குபவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம்.

“சார், போன வாரம் தந்த மருந்தைக் குடிச்சியளா?”

“குடிச்சேன்.”

“அப்ப ஏன் இன்னும் இருமுதிய?”

“குளிர்.”

“வெளிய பாருங்க. வெயில் மண்டையப் பொளக்குது.”

சிரிக்காமல் சொல்லுவாள். சொல்லிவிட்டு இன்னொரு பாட்டில் தருவாள். திறக்காத பாட்டில்கள் என் கட்டிலுக்கடியில் வரிசையாக நின்றன. ஆறு மாதத்தில் இருமலை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து பாக்டரி வளைவு வரைக்கும் சேர்ந்து நடக்கும் அளவுக்கு நெருங்கியிருந்தோம். இரண்டு வருடம் நடந்தோம். வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லுவேன். போனால், அறுவடை முடியட்டும் என்று தோன்றும். அறுவடை முடிந்தால், உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் வந்ததில் குத்தகைக்காரர்களோடு அப்பாவுக்கு இழுபறி, அது தீரட்டும் என்று தோன்றும். அது தீர்வதற்குள் அடுத்த நடவு வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் வளைவில் நின்று சொன்னாள். “எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாக. பவர் ஹவுசுல வேலை. வார ஞாயித்துக்கிழமை முதல் ஓலை.”

அவர்கள் வழக்கத்தில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் போதகர் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர்.

“தடை சொன்னா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“கூப்பிட்டு விசாரிப்பாக. என்னையும் கேப்பாக. கேட்டா நான் உள்ளதைச் சொல்லுவேன். நானா எங்கப்பா முன்னால எந்திரிச்சு நிக்க என்னால ஏலாது சார். நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன்.”

“நான் இந்து. நான் சொன்னா செல்லுமா?”

“இருமலுக்கு வரும்போது இதைக் கேக்கலியே.”

முதல் ஞாயிறு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியவில்லை. எல்லாரும் நின்றபோது உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் உட்கார்ந்தபோது தனியாக நின்றேன். இப்படிப் பழகியிருந்தும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. போதகர் வாசித்தார், கேட்டார், சற்று நிறுத்தினார். நான் சொல்ல வேண்டியதன் முதல் வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘பெரியோர்களே’ என்று தொடங்குவதா, ‘ஐயா’ என்று தொடங்குவதா என்று முடிவாகவில்லை. அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

என்னைப் பெற்றவரிடம் கேட்காமல் சபையில் எழுவது முறையல்ல என்று அந்த வாரம் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அடுத்த சனிக்கிழமை உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பா வரப்பில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்றா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறே? வேலைய உட்டுத் தொரத்திப்போட்டாங்களா?”

“இல்லீங்கப்பா. சும்மாத்தான்.”

“சும்மா வாரதுக்கு இத்தன பஸ்ஸு மாறுவாங்களாக்கும்.”

மடையைக் கட்டிவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். “என்னமோ சொல்ல வந்தவனாட்ட இருக்கறே. சொல்றா.”

“கடலை என்ன வெலைங்கப்பா போகுது?”

அப்பா சொன்னார். கொல்லங்கோட்டில் என்ன விலை, பொள்ளாச்சி மண்டியில் என்ன விலை, ஏன் அந்த வித்தியாசம், எல்லாம் சொன்னார். எம்.ஏ. படித்த மகன் விவசாயத்தைப் பற்றிக் கேட்டுவிட்டான் என்று அவருக்குச் சந்தோஷம். மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்த நேரத்தில் நான் அம்மா வைத்த கோழிக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு நல்ல மழை. அவள் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். போதகர் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். உண்மையாகவே எழுந்தேன். சபை மொத்தமும் திரும்பியது. கங்காணி திரும்பினார். அவளும் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் கையை ஊன்றி, முந்தானையைச் சேர்த்துப் பிடித்து, எழத் தொடங்கினாள்.

“சொல்லுங்க தம்பி,” என்றார் போதகர்.

எனக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. போய் அதைச் சாத்தினேன். மேல்தாழ்ப்பாள் போட்டேன். பிறகு கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டேன்.

“சாரல் அடிக்குதுங்க,” என்றேன்.

போதகர் நன்றி சொன்னார். பாதி எழுந்திருந்தவள் உட்கார்ந்தாள். அவள் பக்கத்திலிருந்த பெண் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். இவள் தலையை அசைத்தது தெரிந்தது. வெளியே வந்ததும் கங்காணி என் கையைப் பிடித்து, “மழைல நனைஞ்சிருப்போம் சார்” என்றார்.

மறுநாள் அவளே என்னை ஆஸ்பத்திரி வாசலில் மறித்தாள். “ஏன் சார்?”

“அப்பாகிட்டச் சொன்னேன். பூச்சிமருந்து குடிச்சுருவேன்னுட்டார்.”

முன்கூட்டி யோசித்ததல்ல. மூன்று வாரம் வராத பேச்சு அன்றைக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அம்மா அழுதாள் என்றும் சேர்த்தேன்.

“ஒரு உயிரு போயி நாம வாழ வேண்டாம் சார். நீங்க நல்லதுதான் செஞ்சிய. உங்களப் போயி என்னமோ நெனச்சுட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெருந்தன்மையோடு மன்னித்தேன். அவள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தேன்.

அடுத்த வருடம் மார்கழியில் அப்பா என்னைப் பார்க்க வந்தார். மலைக்குளிரில் காய்ச்சல் கண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவள் அங்கேதான் வேலையில் இருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் போய் வந்தேன். குணமாகி ஊர் திரும்பும் நாளில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பா சொன்னார்.

“அந்த நர்சம்மா தங்கமான புள்ளடா. ஊசி போட்டதே தெரியல. ஆனா ஒண்ணு கேட்டுது. ஊட்ல பூச்சிமருந்து வெச்சிருக்கீங்களாய்யான்னு.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“அந்த நாத்தமே எனக்கு ஆகாது, ஆளு உட்டு அடிச்சுட்டு டப்பாவ அங்கியே பொதைச்சுப்போடுவேன்னேன். உங்க பையன் கேட்டு எதையாச்சும் மாட்டேன்னிருக்கீங்களான்னுச்சு. அவன் வாயத் தொறந்து கேட்டாத்தானே அம்மிணின்னேன். அதுக்கப்பறம் என் கட்டில் பக்கமே வரல. எதுக்குடா அப்பிடிக் கேட்டுது?”

“தெரியலீங்கப்பா.”

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் மற்ற கிளார்க்குகளுக்குச் சொல்வதுபோல எனக்கும் வணக்கம் சொன்னாள். அதைத் தாங்க முடியாமல், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

நான் கேட்டிருந்தால் அப்பா சம்மதித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். சாதியை விட்டுக்கொடுக்கிற மனிதர் அல்ல. உண்மையாகவே சாகிறேன் என்று கயிற்றை எடுத்திருக்கலாம். கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் போனதற்கு நான் ஒருவன்தான் காரணம்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடமும் அதே கதையைச் சொன்னேன், வீட்டில் பூச்சிமருந்து இல்லாததால் தூக்குக் கயிறு என்று மட்டும் மாற்றி. காதலைத் தியாகம் செய்தவன் என்றால் மதிப்பு வரும் என்று நினைத்தேன். மதிப்பு வந்ததோ என்னவோ, பயம் வந்தது. மாமனார் எது சொன்னாலும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் வீட்டிலிருக்கும் கயிற்றையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்தாள். ஒருமுறை மாட்டைப் பிடித்துக் கட்டக் கயிறு இல்லாமல் அப்பா வீடு முழுக்கத் தேடினார்.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன்டா, உன்ற பொண்டாட்டி என்னையக் கண்டா இப்பிடி நடுங்குது? நான் ஒரு சொல்லு சொன்னதில்லையே. என்னடா பண்ணிப்போட்டேன் நான்?”

“அது சுபாவமே அப்படித்தானுங்கப்பா,” என்றேன்.

அவர் நம்பினார். அதன் பிறகு சாகும் வரைக்கும் அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.