அண்ணி போட்ட பூட்டு

அண்ணி கெட்டிக்காரி. நாத்தனார் நானே சொல்றேன்னா பாத்துக்கோங்க. கம்ப்யூட்டர் புரோகிராமை யாரும் படிக்க முடியாதபடி கலைச்சுப்போடறது அவங்க வேலை. கலைச்ச பிறகும் அது ஓடும். உள்ளே எப்படி ஓடுதுன்னு மட்டும் ஒருத்தருக்கும் புரியாது. "திருடன் காப்பியடிக்க முடியாது. புரோகிராம்ல இருக்கிற ஓட்டையை அடைச்சா, எங்கே அடைச்சோம்னுகூட அவனுக்குத் தெரியாது"ன்னு பெருமையா சொல்வாங்க. நல்லதுதானேன்னு நானும் தலையாட்டினேன்.

எங்க அண்ணனுக்குச் சர்க்கரை. வயித்துல ஒட்டிக்கிற இன்சுலின் பம்பு வச்சிருந்தான். அதோட புரோகிராமைப் பூட்டினதும் அண்ணிதான். அவங்க கம்பெனியில ஒரு வழக்கம்: கடைசியா கலைச்சு முடிச்சதும், கலைக்கிறதுக்கு முந்தின, படிக்கக்கூடிய மூலத்தைச் சாட்சி வச்சு அழிச்சிடணும். இருந்தாத்தானே திருடுவான்? அண்ணி சிரிச்சுக்கிட்டே அழிச்சாங்களாம்.

ஒரு மத்தியானம் அண்ணன் சமையலறையில அப்படியே சரிஞ்சான். பம்பு மருந்தைக் கண்டபடி தள்ளியிருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஏதோ நல்ல காலம், பிழைச்சான்.

அண்ணி மேலாளர்கிட்ட போய்க் கேட்டாங்க. "உங்க வீட்டுக்காரரே எதையாவது அமுக்கியிருப்பார்"னு நாக்கு மேல பல்லைப் போட்டுச் சொன்னான் அந்த மனுஷன். ஒரு கையில தட்டும் இன்னொரு கையில டம்ளருமா விழுந்தவன் எதை அமுக்குவான்? "புரோகிராம்ல தப்புன்னா காட்டுங்க"ன்னானாம்.

எதைக் காட்டுறது? மூலம்தான் இல்லையே. பம்பை மேசையில வச்சு, விதவிதமா சர்க்கரை அளவு குடுத்துப் பார்த்தாங்க அண்ணி. பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் ஒழுங்கா பதில் சொல்லிச்சு. எப்போ அதுக்குப் புத்தி பிசகும்னு உள்ளே படிச்சாத்தான் தெரியும். லீவு போட்டு, சோறு தண்ணி இல்லாம, தன் பூட்டைத் தானே உடைக்கப் பார்த்தாங்க. முடியலை.

அண்ணன் பழையபடி ஊசிக்கே போயிட்டான். "நான்தான் கழட்டிட்டேனே, விடு"ன்னான்.

"மத்தவங்க வயித்துல இருக்கே"ன்னு அண்ணி அழுதாங்க. திரும்பவும் மேலாளர்கிட்ட போய், "என்னாலயே திறக்க முடியலை, விக்கறதை நிறுத்துங்க"ன்னு கெஞ்சினாங்க. யோசிக்கிறேன்னான். யோசிச்சு என்ன பண்ணினான்னு கேளுங்க.

போன வாரம் அண்ணனைக் காட்டப் போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல அதே பம்புக்கு ஆள் உயர விளம்பரம். 'இதைப் பூட்டியவராலேயே திறக்க முடியவில்லை. அவ்வளவு பாதுகாப்பு!'

ஒரு அம்மா அதைத் தன் மகளுக்குப் படிச்சுக் காட்டி, "இதையே வாங்கிடலாம்டி"ன்னாங்க.

அண்ணி ஓடிப்போய் அவங்க கையைப் பிடிச்சாங்க. "வேண்டாம்மா. இது வேண்டாம்."

"ஏங்க, இதுல என்ன கோளாறு?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாங்க. என்ன கோளாறுன்னு காட்டக்கூடிய மூலத்தைத்தான் சிரிச்சுக்கிட்டே அழிச்சாச்சே.