ஜெய்னம்பு கட்டிவைத்த டிரங்குப் பெட்டி

ஜெய்னம்புவை ஓர் இடத்தில் உட்காரவைக்க யாராலும் முடியாது. உலை கொதிக்கும், அவள் வாசலில் நிற்பாள். வாசலுக்குப் போய் என்னடி என்று கேட்டால் அதற்குள் கொல்லைக்குப் போயிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "காலுல சக்கரமா கட்டிருக்கு?" என்று திட்டியிருக்கிறேன். சிரிப்பாள், மறுபடி நடப்பாள்.

ஹைதராபாத் பக்கம் லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்சந்தில் அவர்கள் குடிவந்தது அறுபத்திரண்டின் கடைசியில். அவள் புருஷன் பக்கீர் மைதீன் சனத்நகரில் சர்க்கார் கம்பெனி ஒன்றில் டர்னர். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். சாமான்களை எல்லாம் பிரித்து அடுக்கினார்கள், ஒரு டிரங்குப் பெட்டியைத் தவிர. அது கயிறு கட்டியபடியே கதவோரம் கிடந்தது.

"அதுல என்ன?" என்றேன்.

"என் துணிமணி. எந்நேரமும் கிளம்பலாம்னு வச்சிருக்கேன் அக்கா."

அவளுக்கு ஊர் பள்ளப்பட்டி. எனக்குப் பொன்மலை. இரண்டும் அப்போது திருச்சி ஜில்லா. அவள் வாயைத் திறந்ததுமே எனக்கு ஊர்க்காற்று பட்டமாதிரி ஆகிவிட்டது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் கதையைக் கேட்டால் வயிறு எரியும். முதலில் மல்லேபள்ளியில் முஸ்லிம்கள் இருக்கிற தெருவில் வீடு எடுத்தார்களாம். இவளுக்கு உருதுவில் ஒரு வார்த்தை வராது. தலையில் மல்லிகைப்பூ, கழுத்தில் கருகமணி, பின்கொசுவச் சேலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சந்தேகப்பட்டு, முஸ்லிம்னா எங்கே கலிமா சொல்லு பார்ப்போம் என்றார்கள். சொல்லிக்காட்டினாள். அன்றைக்கு சேமியாப் பாயசம் கொடுத்தார்கள். மறுநாள் மறுபடியும் மதராஸி.

சரி, நம்ம ஜனம் இருக்கிற இடமாகப் போவோம் என்று சில்கல்குடாவுக்கு வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் தமிழர். பேச்சைக் கேட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். பெயரைக் கேட்டதும் முகம் மாறிப்போயிற்று. "நீங்க உங்காளுங்க இருக்கற பக்கம் பார்த்துக்கிட்டா சௌகரியமா இருக்குமே" என்று மாதாமாதம் சொல்லிச் சொல்லியே கிளப்பிவிட்டார்.

"உங்காளுங்கன்னா யாரு அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

நோன்பு மாதத்துக்கு முன்பு, ஜனவரிக் குளிரில், அவள் கொல்லைச் சுவரோரம் வந்து நின்றாள். நாலு மாசம் முழுகாமல் இருந்தாள்.

"பெருநாள் முடிஞ்சதும் ஊருக்குப் போறேன். புள்ளையை அங்கயே பெத்து அங்கயே வளத்துக்குறேன். அவரு வேணா இங்க இருக்கட்டும்."

"புருஷனை விட்டுட்டா?"

"இங்க பொறந்தா எம்புள்ளையும் வீடுவீடாப் போயி நான் யாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியணும். எனக்கே அலுத்துப்போச்சு."

மைதீன் பாய் எங்கள் வீட்டுக்காரரிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் சொன்னா நின்ன இடத்துல நிக்கமாட்டேங்குறா" என்றார். பாவமாக இருந்தது.

இந்த ஊரில் அவளுக்கு முதல் நோன்பு பிறந்தது. முதல் நாளே அவளுக்கு இடி விழுந்தது. இந்த ஊர்ப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதில்லை. பேரீச்சம்பழமும் பழத்துண்டும் வைத்து நோன்பு திறக்கிறார்கள். நோன்பு என்றால் கஞ்சி என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அது தமிழ்நாட்டுப் பழக்கம் என்றே அவளுக்குத் தெரியாது.

"தெரியலைன்னா நாம காட்டுவோம்" என்று வேகம் வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு நோன்பு வேறு. நான் திட்டத்திட்ட, பெரிய பானை நிறையக் காய்ச்சினாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், புதினா. வாசனை எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கப் போயிற்று. மைதீன் பாய் சைக்கிள் கேரியரில் பானையைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அவள் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். இதை அவர்கள் குடித்துவிட்டால் தன்னையும் சேர்த்துக்கொண்ட மாதிரி என்று ஒரு கணக்கு அவளுக்கு.

நோன்பு திறந்த பிறகு பானை அப்படியே திரும்பி வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லையாம். பெரியவர் ஒருவர் எட்டிப்பார்த்து, "க்யா மியான், பீமாராங் கீ கஞ்சி?" என்று கேட்டாராம். சீக்காளிக்குக் கொடுக்கிற கஞ்சியா இது என்று. எல்லோரும் சிரித்தார்களாம். அவ்வளவுதான்.

ஜெய்னம்பு அழவில்லை. பெட்டியின் கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். "பெருநாள் வரைக்கும் எதுக்கு, நாளைக்கே போறேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விறுவிறுவென்று லைனுக்குப் போய், "ஏய், பள்ளிவாசல் கஞ்சி வேணுங்கறவங்க தூக்கை எடுத்துக்கிட்டு வாங்கடி" என்று ஒரு சத்தம் போட்டேன். பொன்மலையில் நோன்புக் காலத்தில் நாங்கள் பள்ளிவாசல் வாசலில் தூக்கோடு நின்றவர்கள்தானே. பெரம்பூர்க்காரி, ஜோலார்பேட்டைக்காரி, அந்தோணியம்மா, இடுப்பில் சளிபிடித்த பிள்ளையோடு அரக்கோணத்து நாகம்மா, எல்லோரும் வந்துவிட்டார்கள். "ஊரைவிட்டு வந்தப்புறம் இப்பத்தான்டி கண்ணுல பாக்குறேன்" என்றாள் அந்தோணியம்மா. ஜெய்னம்பு ஒவ்வொரு தூக்கிலும் ஊற்றினாள். முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்தது.

அங்கேதான் நாகம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உன்னைப் பாத்தா துலுக்கச்சின்னே தெரியலம்மா. நம்ம ஜனம் மாதிரியே இருக்க" என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள்.

அகப்பை நின்றுவிட்டது.

"நான் துலுக்கச்சிதான் நாகம்மாக்கா. நம்ம ஜனமும்தான். மல்லேபள்ளியில ஒண்ணைக் கழட்டச் சொன்னாங்க, சில்கல்குடாவுல இன்னொண்ணை. நீங்களும் சொல்லாதீங்க. இந்தக் கஞ்சி நோன்புக் கஞ்சி. துலுக்கச்சி காய்ச்சினது. அப்படி நினைச்சுக் குடிக்கறதுன்னா குடிங்க."

நாகம்மா தூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "சரி தாயி, துலுக்கச்சி கஞ்சியே ஊத்து. நாளைக்கு மட்டும் வெந்தயத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றாள்.

முதலில் சிரித்தது ஜெய்னம்புதான். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டது. இந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பீபீஜான் முக்காட்டோடு எட்டிப்பார்த்து, "க்யா பட்ரா இதர்?" என்றாள், இங்கே என்ன பங்கிடுகிறீர்கள் என்று. ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாம் சரி, கறி எங்கே என்று கேட்டாள். மறுநாள் மத்தியானம் அவளே கொத்துக்கறி கொண்டுவந்து ஜெய்னம்பு கையில் வைத்தாள்.

பெருநாள் போயிற்று, அவள் ஏறாமலே ரயிலும் போயிற்று. பிரசவத்துக்கு மட்டும் ஊருக்குப் போனாள். பெட்டியோடுதான் போனாள். அவள் வரமாட்டாள் என்றே நான் நினைத்தேன். மைதீன் பாய் இளைத்துத் துரும்பாகிவிட்டார். ஒருநாள் பிள்ளையும் பெட்டியுமாக வந்து இறங்கினாள். ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. இருபத்தைந்து வருஷம் அந்தப் பெட்டி கதவோரமே கிடந்தது. சண்டை வந்தால் அதைத் தொட்டுக்காட்டுவாள்.

எண்பத்தெட்டில் மைதீன் பாய் ரிட்டையர் ஆனார். பள்ளப்பட்டியில் வீடு கட்டி முடித்திருந்தார். லாரிக்குச் சொல்லிவிட்டு வந்து, "உன் பெட்டிதான் தயாரா இருக்கே, கிளம்பு" என்று சிரித்தார்.

"கைக்கு?" என்றாள் ஜெய்னம்பு. எதற்கு என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்கிற அதே தோரணையில்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"நக்கோ" என்றாள், வேண்டாம் என்று. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன்ல அக்கா. நான் பேசுறதைக் கேட்டுட்டு எங்கண்ணன் மக, உருது பேசுற ஹைதராபாத்துப் பட்டாணிச்சி வந்துட்டாங்கறா. அங்க போயி மறுபடியும் மொதல்லேருந்து நான் யாருன்னு சொல்லணும். எனக்கு வயசாச்சு. என்னால முடியாது."

அன்று சாயங்காலம் பெட்டிக் கயிற்றை அரிவாள்மணையில் அறுத்தாள். துணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெட்டியைத் துடைத்து, வருஷாவருஷம் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய பச்சரிசியை அதில் கொட்டி மூடினாள். பிறகு அதன்மேல் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்கவே இல்லை.