ஆறடியில் ஒரு சிவப்புப் புள்ளி

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாகர்கோவிலில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாண ஆர்டர் என்றால் இருவரும் போவோம். ஒன்பது வருடமாகத் தாலிகட்டு அவருக்கு, பெண் அலங்காரமும் பந்தியும் எனக்கு. யார் போட்ட சட்டமோ தெரியாது. அங்கே கெட்டிமேளம் முழங்கும்போது நான் சாப்பாட்டு ஹாலில் இலை போடுவதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

இருவரிடமும் ஐம்பது எம்.எம். லென்ஸ்தான். அவருடையது ஆட்டோஃபோகஸ். பட்டனைத் தொட்டால் போதும், எதிரே இருக்கும் முகத்தை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது பழைய மேனுவல். வளையத்தைக் கையால் திருப்பித்தான் படத்தைத் தெளிவாக்க வேண்டும்.

எது உசத்தி என்று ஒருநாள் கொட்டாரத்து வயலில் சோதித்துப் பார்த்தோம். கொக்குகள் எழுந்து பறந்தன. அவருக்கு இறகு இறகாகக் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் பஞ்சு.

"ஏட்டி, ஒனக்க லென்ஸ எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டு."

"கொக்கு பறக்கும். மாப்பிள்ளை மணவறைய விட்டு எங்க பறக்கப் போறாரு? அடுத்த கல்யாணத்துல தாலிகட்ட நானும் எடுக்கேன். எனக்க படம் நல்லா வந்தா, இனி அது எனக்கு."

சிரித்தார். சம்மதித்தும்விட்டார். தோற்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கல்யாணத்துக்கு விடியும் முன்னரே மண்டபத்துக்குப் போனேன். பந்தல்காரரிடம் டேப் வாங்கி, பெண் உட்காரும் இடத்திலிருந்து ஆறடி அளந்து, தரைவிரிப்பில் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். அலங்காரம் செய்ய வந்த பெண்ணிடம் நகப்பூச்சு வாங்கி, லென்ஸ் வளையத்தில் ஆறடிக்கு நேரே சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். வெளிச்சம் நுழையும் துளையை, அப்பர்ச்சரை, கொஞ்சம் குறுக்கிக்கொண்டேன். அரையடி முன்னே பின்னே ஆனாலும் தெளிவு தாங்கும்.

முகூர்த்த நேரம். அவர் நேர் எதிரே, நான் பக்கவாட்டில், கால்விரல் ஸ்டிக்கரில். மேளம் எகிறியது. பூவும் அரிசியும் பறந்தன. அந்த நொடியில் பெண்ணின் மாமா ஒருவர் செல்ஃபிக்காக எங்கள் பக்கம் திரும்பி, கையில் போனோடு எங்கள் இருவருக்கும் முன்னால் தலையை நீட்டினார். மாமாவின் தோளுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அழுத்தினேன்.

படங்களை மண்டபத்திலேயே பார்த்தோம். அவருடைய லென்ஸ் கிட்டத்தில் இருந்த முகத்தைப் பிடித்திருந்தது. மாமாவின் மீசை ஒவ்வொரு மயிரும் தெளிவு, பின்னால் தாலி வெறும் மஞ்சள் புகை. என்னுடையதில் மாமா ஓரத்தில் ஒரு கறுப்பு நிழல். நடுவே முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் இமையில் நின்ற கண்ணீர்.

பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தார். "ஆல்பத்துக்கு அட்டையில இதப் போடுங்க" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தை மட்டும் ஆசைதீரப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த கல்யாணம் கீரிப்பாறைப் பக்கம். வண்டியை நிறுத்தியதும், "நான் பந்திக்குப் போறேன்" என்று தோள்பையை மாட்டிக்கொண்டு நடந்தார். தாலி கட்டி முடிந்தபின் அவரைத் தேடிப் போனேன். இலை முன் குனிந்து நின்றவர் நிமிராமலே சொன்னார்:

"அவியலுக்கு மொகம் இல்லட்டி. ஒனக்க லென்ஸக் கொஞ்சம் தா."

கொடுக்கவில்லை.