சலூன் கரடி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பெரிய தாளை மடித்தது. ஞாயிறு மாலை, கடைசித் தலையும் எழுந்து போன பிறகு, அப்பாவின் சலூனில். குழந்தைகளை உட்கார வைக்க நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போடுவார்கள். அன்று அதுதான் மேசை. மகள் சொன்ன இடத்தில் எல்லாம் அப்பா மடித்தார். ஓரத்தைப் பிரிக்க அவள் கத்தரியை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். முடி வெட்டும் கத்தரி காகிதத்தைத் தொட்டால் வாய் மழுங்கிவிடும். சலூனில் வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு முறை முறைத்தார். பிறகு பாதி பிளேடால் மடிப்புகளைக் கீறினார். ஒரு நூல் அளவுகூடப் பிசகவில்லை.

கையில் ஒரு வெற்றுப் புத்தகம் இருந்தது. அதில்தான் அப்பாவின் கதைக் கரடி தூங்க வேண்டும்.

"மொத்தம் எத்தனை பேர் வந்து கரடிய எழுப்புறாங்கப்பா?"

"யார் தலைன்னு சொல்லு, சொல்றேன்."

"புத்தகத்துக்குத் தலை கிடையாது. பக்கம்தான்."

"அதான் தொல்லையே."

பெரியவர்களுக்கு முடி வெட்டும்போது அவர் அதிகம் பேசமாட்டார். அரசியல், விலைவாசி எதற்கும் ஒரு 'ம்' தான். பலகையில் ஒரு குழந்தை ஏறிவிட்டால் வேறு ஆள். மெஷின் சத்தத்துக்குப் பயந்து தலையை ஆட்டும் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான் அந்தக் கரடி. உன் தலை ஒரு காடு, நடுவில் ஒரு தூங்குமூஞ்சிக் கரடி படுத்திருக்கிறது, நீ அசைந்தால் அதற்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று காதோரம் ரகசியம் சொல்வார். தண்ணீர் பீய்ச்சினால் மழை. கத்தரி, மரங்கொத்தி. மெஷின், கரடியின் குறட்டை. அதோடு பயம் ஓடிவிடும். குறட்டை எப்போது வரும் என்று பிள்ளைகள் கழுத்தை நீட்டிக் கொடுப்பார்கள்.

கரடியை எழுப்ப அணில் வரும். தவளை வரும். வாடகை பாக்கி கேட்டு ஆந்தை வரும். எல்லோரிடமும் கரடி இன்னும் அஞ்சே நிமிஷம் என்று சொல்லிப் புரண்டு படுக்கும். வந்தவர்களும் கொட்டாவி விட்டு அதன் தொந்தியிலேயே சாய்ந்துவிடுவார்கள். அடர்ந்த முடி என்றால் யானைகூட வந்து படுக்கும். ஒட்ட வெட்டிய தலை என்றால் அணிலோடு சரி. முடி எவ்வளவோ அவ்வளவு கதை. கடைசியில் துணியை உதறி, பின்னந்தலைக்குக் கைக்கண்ணாடி பிடித்து, கரடி போய்விட்டது, காடு வளர்ந்ததும் வரும் என்பார். காடு வளர்கிறதா என்று தடவிப் பார்த்தபடியே பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

பக்கத்து நாற்காலியில் வெட்டுபவர் அப்பாவை அண்ணே என்பார். கதை தொடங்கினால், அண்ணன் கரடி விட ஆரம்பிச்சிட்டாரு என்று தன் வாடிக்கையாளரிடம் கண்ணடிப்பார். ஆனால் ஆந்தை வரும் இடத்தில் அவருடைய கத்தரியும் நின்றுவிடும்.

மகனை முடிவெட்ட அழைத்து வரும் ஒரு பெண்மணி குழந்தைப் புத்தகங்கள் போடுபவர். இதை வரைந்து கொடுங்கள், புத்தகமாக்கலாம் என்றார். அப்பா வாழ்க்கையில் வண்ணம் வாங்கியதில்லை. கடையில் இருந்த தலைச்சாயத்தைக் குழைத்து, சாயம் பூசும் பிரஷ்ஷாலேயே வரைந்தார். பழுப்பாகப் படுத்த கரடி காலையில் கறுப்பாக இருந்தது. சாயம் காற்றுப் பட்டால் கறுக்கும் என்று மகள் விளக்கினாள். அவள் லிஃப்ட் பராமரிக்கும் பொறியாளர். எதற்கும் காரணம் சொல்லிவிடுவாள். அப்பா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"விடும்மா. கரடிக்குப் பத்து வயசு கொறைஞ்சிருக்கு."

சிக்கல் முடிவில்தான். புத்தகத்தில் துணியை உதற முடியாது, கண்ணாடி காட்ட முடியாது. காடு போனதும் கரடி எங்கே போகும், அதை மட்டும் சொல்லுங்கள், அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அந்தப் பெண்மணி. யோசித்துச் சொல்கிறேன் என்றார் அப்பா. அந்த ஞாயிறு மாலையும் அதையேதான் சொன்னார். மகள் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டாள்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. காலையில் தேநீர் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். அம்மா எழுப்பவில்லை. லீவு நாள்தானே, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். எழுப்பியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். மகள் அதை அம்மாவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்கு ஏறவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம், நான்தாங்க எழுப்பாம விட்டேன் என்கிறாள்.

மகளுக்கு அழுகை சரியாக வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த முடிவு. அது கிடைத்தால் புத்தகம் வரும். வந்தால் அப்பாவின் பேச்சு எங்காவது ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். அவளே எழுதிப் பார்த்தாள். கரடி பக்கத்துக் காட்டுக்குப் போனது. குகைக்குள் போனது. மேகத்தின் மேல் ஏறிப் படுத்தது. எல்லாம் பொருந்தின. ஒன்றிலும் அப்பா இல்லை.

கடைசியில் சலூனுக்கே போனாள். அப்பாவின் நாற்காலி மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. முடிவைப் பற்றி அப்பா எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அவர் சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தார். பிறகு அந்தக் கடைசி சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார்.

எதிர் மருந்துக்கடைக்கு மேலே குடியிருக்கும் ஒரு சிறுமி. தலை முழுக்கப் பேன். சீப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் தோற்றுப்போய், அவள் அம்மா மொட்டை அடித்துவிடச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். அப்பா கரடியைத் தொடங்கினார். அணில் வந்தது, தவளை வந்தது, கொள்ளை முடி என்பதால் யானைக் குடும்பமே வந்தது. கைக்கண்ணாடி பிடித்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது.

"அந்தப் புள்ள முடி போச்சேன்னு அழல, பாப்பா. இப்ப கரடி எங்க தூங்கும்னு அழுதுச்சு."

"காடு வளந்ததும் வரும்னு சொல்லலையா?"

"சொன்னாரு. அதுவரைக்கும் எங்க தூங்கும்னு கேட்டுச்சு. அண்ணன் குனிஞ்சு அந்த மொட்டைத் தலையத் தடவிப் பாத்தாரு. தேடிப் பாத்துட்டு திங்கக்கிழமை வீட்டுக்கே வந்து சொல்றேன்னாரு."

"கண்டுபிடிச்சாரா?"

"தெரியல பாப்பா. எங்கிட்ட சொல்லல."

அந்தப் பிள்ளையின் அம்மா இரண்டு தரம் வந்துவிட்டுப் போனாளாம். குழந்தையிடம் விஷயத்தைச் சொல்ல மனம் வரவில்லை, முடிவெட்டும் தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். பிள்ளை ராத்திரியானால் கரடியைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறதாம்.

மகள் கண்ணாடிக் கதவு வழியாக எதிரே பார்த்தாள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. குறுகலான படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. இனி அவள்தான் ஏறிப் போய்க் கதவைத் தட்டி, கரடி இப்போது எங்கே தூங்குகிறது என்று மொட்டைத் தலைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

சொன்னபடி அந்தத் திங்கட்கிழமை அப்பா போகவில்லை; கட்டிலில் சாய்ந்தவர் எழவே இல்லை.